கன்னி மூலையில் போட்ட துளை

கிணற்றுக்குள் எண்பது அடி ஆழத்தில் உட்கார்ந்து பாறையில் பக்கவாட்டாகத் துளை போடுவது ஷேக் பரீத்தின் தொழில். சைடு போர் என்பார்கள். எந்திரத்தைக் கிரேனில் இறக்கிக் கிணற்றுச் சுவரோடு பொருத்தி, ஐந்தடி நீள இரும்பு ராடுகளை ஒன்றோடொன்று திருகிப் பாறைக்குள் செலுத்திக்கொண்டே போக வேண்டும். எங்காவது ஊற்றுக்கண் தட்டுப்பட்டால் துளை வழியே தண்ணீர் கிணற்றுக்குள் பாயும். கோயமுத்தூர்ச் சீமையில் கிணறுகள் வற்ற வற்ற இந்தத் தொழில் வளர்ந்தது. ஒருவர் துளை போட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் அதைவிட நீளமாகப் போடுவார். மேலே கம்பிவேலி போட்டு இடம் பிரித்துக்கொண்டார்கள். பூமிக்கு அடியில் வேலி எதுவும் கிடையாது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் அந்த வேலை செய்த பரீத்துக்கு இருந்த ஒரே பயம், மேலிருந்து உதிரும் கல். 1998 பிப்ரவரியில் நகரத்தில் குண்டுகள் வெடித்த பிறகு பயம் தரைக்கு மேலேயும் வந்துவிட்டது. இரும்புக் குழாய்களோடு லாரியில் போகும் ஒரு முஸ்லிமை எந்தச் சோதனைச் சாவடியும் சும்மா விடவில்லை. ஒவ்வொரு ராடையும் இறக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் போக வேண்டும். குண்டு வைத்தவன் எவனோ. பதில் சொல்ல வேண்டியவர்கள் பரீத்தின் வீடு இருந்த கரும்புக்கடைப் பகுதியில் குடியிருக்கும் அத்தனை பேரும் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. வழக்கமாகக் கூப்பிடும் தோட்டக்காரர்கள் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் எந்திரம் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

ஏப்ரல் மாதம் ஒரு நூற்பாலையிலிருந்து ஆள் வந்தது. சரவணம்பட்டிக்கு வடக்கே, சத்தி ரோட்டில், நான்கு ஏக்கர் கூரையோடு நிற்கும் பெரிய ஆலை. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலைக்குள் காற்றை எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது. ஆலைக்குத் தெற்கே இருந்த ஒரு பழைய தோட்டத்தை அதன் கிணற்றோடு சேர்த்து நிர்வாகம் வாங்கியிருந்தது. இஞ்சினியர் பாலுசாமி வரைபடம் வைத்திருந்தார். வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று, வடகிழக்கே ஒன்று என மூன்று துளைகள். மூன்றும் ஆலையின் சொந்த நிலத்துக்கு அடியிலேயே போகும்படி கோடு போட்டிருந்தார். தென்மேற்கே, தோட்டத்து வேலியைத் தாண்டினால், ஓடைக்காட்டுப்புதூர் என்ற சிற்றூர். அந்தப் பக்கம் வரைபடத்தில் ஒரு கோடும் இல்லை.

ஆனால் பரீத் முதல் துளையை அந்தப் பக்கம்தான் தொடங்கினார்.

அதற்குக் காரணம் ஒரு வழக்கம். கொங்கு நாட்டில் வீட்டுக்குக் கல் போட்டாலும் பந்தலுக்குக் கால் நட்டாலும் தென்மேற்கு மூலையில் தொடங்குவார்கள். கன்னி மூலை என்று பெயர். கிணற்று வேலையிலும் கன்னி மூலையில் ஒரு ராடு சும்மா இறக்கி எடுத்துவிட்டுத்தான் மற்றத் திசைகளுக்குத் திரும்புவது பழக்கம். அந்தச் சாத்திரத்தை நம்புகிற போர்க்காரர்களே அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள். நம்பாத பரீத் ஒருநாளும் விட்டதில்லை. பாய் நம்ம முறையை மதிக்கவில்லை என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்ற அச்சம் அவருக்கு எப்போதும் உண்டு. அந்த வருடம் அது இரண்டு மடங்கு. ஒரு ராடு போதும் என்பதற்கு மூன்று ராடு இறக்கினார். மூன்றாவது ராடில் பாறை இளகியது. துளையின் வாயில் ஈரம் கசிந்தது.

மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாலுசாமிக்கு அந்த ஈரம் தெரிந்துவிட்டது.

"பாய், அந்தப் பக்கமே போங்க."

"ட்ராயிங்ல அந்தப் பக்கம் இல்லீங்களே சார்."

"தண்ணி என்ன ட்ராயிங்கப் பாத்துட்டா வருது? போங்க, நான் சொல்றனல்ல."

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பரீத் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று நினைத்தார். மூன்றாம் நாள், நாற்பத்தேழாவது ராடில், முழங்கை கனத்துக்குத் தண்ணீர் பீறிட்டு வந்து அவர் மார்பில் அடித்தது. அன்று சாயங்காலம் ஆலையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். அடுத்த பத்து நாளில் அவர் வடக்கேயும் கிழக்கேயும் போட்ட துளைகளில் ஈரத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை.

வடகிழக்குத் துளை மட்டும் பாக்கி இருந்த ஒரு மத்தியானம், ரங்கம்மாள் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு கிணற்று மேட்டுக்கு வந்தார். ஆலையில் பஞ்சுக் கழிவு கூட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். ஓடைக்காட்டுப்புதூர்க் காலனியில் வீடு. கிணற்றிலிருந்து ஒரு குடம் கிடைக்குமா என்று கேட்டார். பரீத் ரப்பர் குழாயை அவர் குடத்துக்குள் விட்டார். குடம் நிரம்புகிற நேரத்துக்குள் ரங்கம்மாள் தன் கதையைச் சொல்லி முடித்தார்.

ஊர்ப் பொதுக்கிணற்று மோட்டார் எரிந்துபோய் ஒரு மாதம் ஆயிற்று. பெண்கள் கயிறு போட்டுச் சேந்துகிறார்கள். காலனிக்காரர்கள் அந்தக் கயிற்றைத் தொடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். யாராவது மனம் வந்து சேந்தி ஊற்றினால் எடுத்துக்கொண்டு போகலாம். ரங்கம்மாளின் மருமகள் பிள்ளை பெற்று அப்போது பதினோரு நாள். ஒரு நடுப்பகலில் கிணற்றடியில் ஈ காக்கை இல்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு ரங்கம்மாள் தானே வாளியை இறக்கிச் சேந்தினார். யாரோ பார்த்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் கிணறு சேறு காட்டியது.

"நாந்தான் தொட்டு வத்த வெச்சுப்போட்டேன்னு சொல்றாங்க பாயி. அமாவாசைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிப்போட்டு எங்கியாச்சும் போயரோணுமாம்."

பரீத் குழாயைப் பிடித்தபடி நின்றார். ரங்கம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"நெசமாவே என்ற கையினாலதான் வத்தியிருக்குமுங்களா?"

ஒரு மனுஷியைத் தன் கையையே சந்தேகப்பட வைப்பதற்கு எத்தனை தலைமுறை உழைத்திருக்க வேண்டும். அந்த உழைப்பில் கால் பங்கைக் குளம் வெட்டுவதில் காட்டியிருந்தால் இந்தச் சீமையில் பஞ்சம் என்ற பேச்சே இருந்திருக்காது.

பரீத் குழாயைக் குடத்திலிருந்து எடுத்தார். கிணறு எந்த நாள் வற்றியது என்று கேட்டார். ரங்கம்மாள் நாளைச் சொன்னார். நாற்பத்தேழாவது ராடு இறங்கியதற்கு அடுத்த நாள் அது. ஊர்க்கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டார். ரங்கம்மாள் கன்னி மூலைக்கு நேராகக் கையை நீட்டினார்.

அவர் போன பிறகு பரீத் ஆலைக் கிணற்றிலிருந்து வேலியைத் தாண்டி எட்டு வைத்து அளந்து பார்த்தார். யாராவது எதற்காக அளக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு எட்டிலும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். தொண்ணூற்றாறு எட்டில் பொதுக்கிணற்றின் கைப்பிடிச் சுவர் வந்தது. ஏறக்குறைய இருநூற்று நாற்பது அடி. அவர் போட்ட துளை இருநூற்று முப்பத்தைந்து.

வீட்டுக்கு வந்து மனைவி சாயிரா பானுவிடம் சொன்னார். அவர் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த அரிசியைக் கீழே வைத்தார்.

"கெணறு வத்துனதுக்கு ஒரு பொம்பளயத் தொரத்தறாங்க. வத்த வெச்சது நீங்கன்னு தெரிஞ்சா யாரத் தொரத்துவாங்க?"

பரீத் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உங்கள மட்டுமில்ல," என்றார் சாயிரா பானு. "பாய் வந்து ஊர்க் கெணத்தக் குடிச்சுப்போட்டான்னு ஒரே ஒரு ஆள் சொன்னாப் போதும். இந்தத் தெருவே பதில் சொல்லோணும். மூணு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு மறந்துபோட்டீங்களா?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால் பரீத் ஒரு வழி கண்டுபிடித்தார். யாருக்கும் தெரியாமல் செய்ததை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்பது அந்த வழி. துளையின் அளவுக்கு ஒரு புளியங்கட்டையைச் செதுக்கி, சாக்கைச் சுற்றி, புதன்கிழமை விடிந்ததும் எந்திரத்தைச் சரிபார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். கன்னி மூலைத் துளைக்குள் கட்டையைச் சொருகிச் சம்மட்டியால் இறுக்கினார். ஒவ்வொரு அடியும் கிணறு முழுக்க எதிரொலித்தது. மேலே யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல அவருக்குக் கேட்டது. தண்ணீர் நின்றது. வியாழக்கிழமை ஆலையின் பம்பு காற்றை இழுத்தது. பாலுசாமி கத்தினார். ஊற்று ஓய்ந்திருக்கலாம், பார்க்கிறேன் என்று பரீத் சொல்லிவைத்தார்.

அதே வியாழக்கிழமை சாயங்காலம் ஓடைக்காட்டுப்புதூரில் ஊர் கூடிக் கிணற்றுக்குத் தீட்டுக் கழித்தார்கள். வீட்டுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். முதல் குடத்தை ஊர்ப் பெரியவர் செங்கோடன் கிணற்றுக்குள் ஊற்றினார். திங்கட்கிழமை அமாவாசைக்குள் ரங்கம்மாள் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்பதைக் கிணற்றடியில் நின்றே மறுபடி அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கிணற்றில் நாலடி தண்ணீர் நின்றது. பெண்கள் குலவை போட்டது ஆலை வரைக்கும் கேட்டது.

ரங்கம்மாள் வேலைக்கு வந்தவர் நேராகக் கிணற்று மேட்டுக்கு வந்தார். அன்று கையில் குடம் இல்லை.

"என்னையத் தொரத்தறோம்னு சொன்னதீமு தண்ணி வந்துருச்சுங்க பாயி. அப்ப நெசந்தானுங்களே?"

வீட்டுச் சாமான்களைக் கட்டிவிட்டதாகச் சொன்னார். அந்தியூர்ப் பக்கம் தம்பி இருக்கிறானாம். கைக்குழந்தையோடு மருமகளை எப்படி பஸ் ஏற்றுவது என்பதுதான் அவருக்கு யோசனை.

பரீத்துக்கு அப்போதுதான் தான் செய்தது புரிந்தது. கட்டையை அடித்துத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தது அவர். அந்தத் தண்ணீர் சாட்சி சொன்னது ரங்கம்மாளுக்கு எதிராக. இரகசியமாகச் செய்யப்படும் நல்ல காரியத்துக்கு இந்த நாட்டில் எப்போதும் பக்கத்தில் இருக்கும் கோயில்தான் உரிமை கொண்டாடும். வாயைத் திறந்து சொன்னால் ஒழிய அந்தப் பொய்யை உடைக்க முடியாது.

முதலில் பாலுசாமியிடம் சொன்னார். பாலுசாமி எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு பேசினார். அந்தத் திசையே இதில் இல்லையே என்றார். சேர்மனுக்குத் தெரிந்தால் தன் வேலை என்ன ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில்தான் நிமிர்ந்தார்.

"போலீஸ் வந்து கேட்டா, தெரியாம போட்டுட்டேன்னு நீங்க சொன்னா நம்புவாங்களா பாய்?"

மிரட்டலா, உண்மையான சந்தேகமா என்று பரீத்தால் சொல்ல முடியவில்லை.  போலீஸ் என்ற சொல் அவர் தெருவில் அந்த வருடம் என்ன பொருள் கொண்டிருந்தது என்பது அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். விசாரணைக்கு என்று கூட்டிப் போன மூன்று பேர் இன்னும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சாயிரா பானுவிடம் வேலைக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, செங்கோடன் தோட்டத்துக்குப் போனார். செங்கோடன் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், அவருடைய தென்னைகளில் பாதி மொட்டையாகிவிட்டன. வாங்க பாய் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். பரீத் தள்ளி நின்றே சொன்னார். கன்னி மூலையில் தொடங்கியது, தண்ணீர் வந்தது, கட்டை அடித்தது எல்லாவற்றையும் சொன்னார். செங்கோடன் அரிவாளைத் துடைத்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"மில்லு இஞ்சினியருக்குங்க."

செங்கோடன் தோட்டத்து வீடான சாளைக்குள் போய் ஒரு கடப்பாரையோடு வந்தார். "நட," என்றார். மரியாதை போய்விட்டிருந்தது.

வேலியைத் தாண்டி ஆலைக் கிணற்றுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு ஆட்கள் சிலர் பார்த்தார்கள். இரும்பு ஏணியில் பரீத் முன்னால் இறங்கினார். தலைக்கு மேலே செங்கோடனின் கால்கள், அவர் தோளில் கடப்பாரை. கை நழுவினால் போதும். கேட்பவர்களிடம் தவறி விழுந்ததாகச் சொல்லிவிடலாம். எண்பது அடியும் பரீத் அதையே நினைத்துக்கொண்டு இறங்கினார். கீழே பலகைத் தட்டில் இருவரும் நிற்க இடம் போதவில்லை. செங்கோடன் கட்டையைப் பார்த்தார். பரீத்தை விலகச் சொல்லிவிட்டுக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். மூன்றாவது நெம்பில் கட்டை தெறித்து விழுந்தது.

தண்ணீர் மஞ்சளாக வந்தது.

செங்கோடன் இரண்டு கையாலும் ஏந்தி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வேட்டி நனைந்து மஞ்சளாயிற்று. பரீத் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றார். 

"அடைச்சா எங்களுக்கு. தொறந்தா மில்லுக்கு. அப்புடித்தானே?"

"ஆமாங்க."

"மேல போயி இதச் சொன்னீன்னா, உன்னைய உசுரோட உடுவாங்களான்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியலீங்க."

செங்கோடன் யோசித்தார். கட்டையை எடுத்து பரீத்திடம் நீட்டினார். "திரும்ப அடிச்சுப்போடு. எங்களுக்குத் தண்ணி வந்தாச் சரி. நீயும் பேசாத, நானும் பேசல. யாருக்கும் சேதமில்ல."

"ரங்கம்மா?"

"அவ ஒருத்திதானே."

அந்த ஆழத்தில் ஷேக் பரீத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது முழு விடுதலை. உயிருக்கு ஆபத்து இல்லை, தெருவுக்கு ஆபத்து இல்லை, ஊருக்குத் தண்ணீர். விலை ஒரு குடும்பம் மட்டும்தான். அதிலும் யாரும் விசாரிக்க வராத குடும்பம். இதைவிட மலிவாக எந்த அநியாயமும் விற்கப்பட்டதில்லை. மலிவாக இருப்பதால்தான் நாள்தோறும் விற்றுப்போகிறது.

பரீத் கட்டையை வாங்கி அடித்தார். அதற்கு முன்னால், எந்திரத்துக்கு எண்ணெய் கொண்டுவரும் பழைய கேனை அலசி, அந்த மஞ்சள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். செங்கோடன் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு பரீத் ஏணியில் ஏறத் தொடங்கியதும் செங்கோடன் பின்னால் ஏறினார். பாதி உயரத்தில் கணுக்காலில் ஒரு கை பட்டது. பரீத் கண்ணை மூடிக்கொண்டார். செங்கோடன் மூச்சு வாங்க நின்று பிடிமானத்துக்குத்தான் தொட்டிருந்தார். அதை பரீத் தெரிந்துகொண்டது மேலே வந்த பிறகுதான்.

கிணற்று மேட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் ஓடைக்காட்டுப்புதூர்க்காரர்கள். பரீத் கேனைக் கவிழ்த்து, மேட்டில் கொட்டிக் கிடந்த வெள்ளைப் பஞ்சுக் கழிவுக் குவியலின்மேல் ஊற்றினார். பஞ்சு மஞ்சளாயிற்று. மஞ்சள் வாசனை அடித்தது. என்ன, எங்கிருந்து என்று கேட்டவர்களுக்கு அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் ஊருக்கு ஓடிவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு ஆலை வாசலில் நூறு பேருக்குமேல் நின்றார்கள். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினார். துலுக்கன் என்ற சொல் கூட்டத்தில் ஒரு மூலையில் தொடங்கி இன்னொரு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கல் ஒன்று வந்து கேட்டில் பட்டது. பரீத் வாசலை ஒட்டிய டைம் ஆபீஸ் அறைக்குள் உட்கார்ந்து ஓதத் தொடங்கி, வரிகள் மறந்துபோய், மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பாலுசாமி உள்ளே சேர்மனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பரீத்துக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது: வரைபடம் வெளியே வருமா? அந்தத் திசையே இல்லாத வரைபடத்தைக் கேட்டின்மேல் விரித்துக் காட்டினால் போதும், ஆலை தப்பிவிடும்.

பாலுசாமி வரைபடத்தோடுதான் வெளியே வந்தார். கேட்டுக்கு முன்னால் நின்றபோது அவர் சட்டை முழுக்க வியர்வை. கூட்டத்தில் ரங்கம்மாளும் நின்றிருந்தார், தள்ளி, வேலியோரமாக.

"இதுல அந்தத் தெச இல்ல," என்றார் பாலுசாமி. "பாய் எங்கிட்டச் சொன்னாரு, இல்லீன்னு. நாந்தான் தண்ணியப் பாத்துட்டுப் போகச் சொன்னேன். தப்பு மில்லோடது."

சேர்மன் சொல்லச் சொன்னாரா, அவராகச் சொன்னாரா என்பது இன்றுவரை தெளிவில்லை. பாலுசாமி அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். ஆனால் அந்த ஒரு வரி கூட்டத்தின் கைகளில் இருந்த கற்களின் திசையை மாற்றியது. ஒரு தனி ஆளை, அதுவும் அப்படி ஒரு பெயருள்ள ஆளை, அடித்துப் போடுவது எளிது. நான்கு ஏக்கர் கூரையை அடித்துப் போட முடியாது. அதோடு பேசத்தான் முடியும். பேசினார்கள். பொழுது சாயும் வரை பேசினார்கள்.

உலகத்தில் தண்ணீர் குறைகிறது என்று பெரிய கம்பெனிகள் நட்சத்திர ஹோட்டல்களில் கூட்டம் போட்டுக் கவலைப்படுகின்றன. பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கவலைப்படுகின்றன. அவர்களால் உதவ முடியாது என்று நான் சொல்லமாட்டேன். எந்த ஊராட்சியாலும் முடியாததை அவர்களால் செய்ய முடியும். ஆனால் முதல் உதவி, தங்கள் தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வருகிறது என்று வாய்விட்டுச் சொல்வது. இரண்டாவது, அந்தத் துளையை அடைப்பது. மரம் நடுவதும் பலகை வைப்பதும் அதற்குப் பிறகுதான்.

மறுநாள் ஊர் பார்த்திருக்க, பரீத் அந்தத் துளையை சிமென்ட் கலவை செலுத்தி மூடினார். ஆலை மூன்று வாரம் ஒரு ஷிப்டை நிறுத்தியது. டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கப் போனால் அதுவும் யாரோ ஒருவர் கிணற்றை வற்றவைக்கிற தண்ணீர்தான். பாலுசாமி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பரீத் வறண்டுபோன இரண்டு துளைகளைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் கொடுக்காத துளை தண்ணீரைக் குடிக்கும். மேலிருந்து ஊற்றினால் பாறைக்குள் பரவும். ஊற்றுவதற்கு எது என்று பாலுசாமி கேட்டார். பரீத் ஆலைக் கூரையைப் பார்த்தார்.

பாலுசாமி கணக்குப் போட்டார். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். நான்கு ஏக்கர், வருடத்துக்கு இருபத்துநான்கு அங்குலம். ஏறக்குறைய ஒரு கோடி லிட்டர். இருபது வருடமாக அது சாக்கடை வழியாக ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஈரக்காற்றுப் பிளான்டில் வழிந்தோடும் தண்ணீரை வடிகட்டித் திரும்ப அதற்கே விட்டால் நாளுக்குப் பதினைந்தாயிரம் மிச்சம். ஊர்க்கிணற்றைத் தொடாமலே ஆலை ஓடியிருக்கலாம். யாரும் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

கூரைத் தண்ணீரைக் கிணற்றில் இறக்கக் கூழாங்கல், மணல், கரி போட்டுத் தொட்டி கட்டினார்கள். பரீத்துக்கு அதிலும் பயம். தரை கழுவிய எண்ணெய்த் தண்ணீரோ, நூலுக்கு அடையாளம் காட்டும் சாயமோ ஒரு வாளி அதில் கலந்தால், இதே பாறை அதையும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றார். பாலுசாமி கழுவு நீர்க் குழாயை அந்தப் பக்கம் வர முடியாதபடி வெட்டிச் சுவர் எழுப்பினார். ஐப்பசியில் மழை இறங்கியது. ஊர்க்கிணறு பதினெட்டு அடி ஏறியது.

ரங்கம்மாள் ஊரை விட்டுப் போகவில்லை. போகச் சொன்னதைச் செங்கோடன் திரும்பப் பெற்றுக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆலை தன் பங்குக்குக் காலனிக்கென்று தனிக் குழாய் போட்டுக் கொடுத்தது. செய்தித்தாளில் படம் வந்தது. நல்ல மனதோடுதான் செய்தார்கள். கிணற்றடியில் ஆட்கள் போட்டிருந்த தீண்டாமைக் கோட்டை, கம்பெனி இரும்புக் குழாயால் இன்னொரு முறை போட்டது என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ரங்கம்மாளுக்குத் தோன்றியது. கொழாய் வேண்டாமுன்னு சொல்லலீங்க, ஆனா நாந் தொட்ட அந்தக் கவுறு கெணத்த வத்த வெக்கலீன்னு ஊருக்குக் காட்டோணுமில்லீங்க என்று பாலுசாமியிடம் சொல்லியிருக்கிறார்.

கார்த்திகையில் ஒரு காலை, தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த பரீத் வேலிக்கு மேலாகப் பார்த்தார். ரங்கம்மாள் குடத்தோடு பொதுக்கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். கிணற்றடியில் ஐந்தாறு பெண்கள். வேப்பமரத்தடியில் செங்கோடன். பரீத் மண்வெட்டியைத் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார்.  ரங்கம்மாள் யாரையும் பார்க்காமல் கயிற்றைப் பிடித்தார்.  வாளி இறங்கியது. யாரும் தடுக்கவில்லை. செங்கோடன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரங்கம்மாள் சேந்தினார், குடத்தில் ஊற்றினார், இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே போனார்.

அவர் தெரு திரும்பும் வரை காத்திருந்துவிட்டு அடுத்த பெண் வந்தாள். ஒரு வாளி நிறையச் சேந்தி, ரங்கம்மாள் தொட்ட கயிற்றின்மேல் அவ்வளவையும் ஊற்றிக் கழுவினாள். தண்ணீர் மண்ணில் ஓடிப் போயிற்று.

மறுநாளும் ரங்கம்மாள் வந்தார்.